பாம்பை நேசித்தவரும் எங்கள் பிள்ளையின் மருந்தும்



இடம்பெயர்ந்து திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வீடுகளில் பாம்புகள் குடியிருந்தன. கந்தளாயில் குளமும் வயலும் பற்றையும் அடுத்தடுத்து இருப்பதால், அவை இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

எங்கள் அயலில் கணவனை இழந்த ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஒருநாள் விடியப்புறம், பாயில் படுத்திருந்த அவளுடைய மகள் வயிற்றுவலி என்று அழுதாள். காயம் எதுவும் தெரியவில்லை. சமிபாடில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கண்ணிமைகள் தானாக மூடத் தொடங்கின. உடனே முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டுவிரியன் கடி என்றார்கள். விஷமுறிவு ஊசி ஏற்றிப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். "இந்த மருந்து இந்தியாவிலிருந்து வருவது" என்று தாதி சொன்னார்.

அந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் ரோமுலஸ் விட்டேக்கரைப் பற்றி அறிந்தேன். 1943இல் நியூயோர்க்கில் பிறந்தவர். சிறு வயதில் பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய தாய் ஏசவில்லை. பாம்புகளைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார். 1951இல் தாயோடு இந்தியாவுக்கு வந்தார். பின்னர் அமெரிக்காவின் மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவரிடம் பாம்பு விஷம் எடுக்கும் வேலையைப் பழகினார். திரும்பி வந்து சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். 1976இல் மாமல்லபுரத்துக்கு அருகே முதலைப் பண்ணையை அமைத்தார்.

அவர் படப்பிடிப்பாளரும்கூட. ராஜநாகத்தைப் பற்றி அவர் எடுத்த படத்துக்கு 1998இல் எம்மி விருது கிடைத்தது. சினிமாவில் நாங்கள் பார்த்த பாம்பு பழிவாங்கும். உண்மையான ராஜநாகமோ, இலை சருகுகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும் தாய். பயத்தை விரட்டுவது அறிவுதான் என்பதையே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார்.

அவருக்குப் பாம்பு பிடிக்கும் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தவர்கள் தமிழ்நாட்டின் இருளர் மக்கள். பாம்புத் தோல் விற்றுப் பிழைத்த அவர்களின் தொழில், 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இல்லாமல் போனது. அடுப்பெரிய வழியில்லை. விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, சில கிழமைகள் வைத்து விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். இந்திய மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இவர்களின் கைகளால் வந்ததுதான்.

ஒரு காலத்தில் யாரும் மதிக்காத அறிவு அது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு கிழமைக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். விட்டேக்கருக்கு 2018இலும் இவர்கள் இருவருக்கும் 2023இலும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தொழிலை இழந்தவர்களிடமும் கைவிட்டுப் போகாத ஒரு அறிவு இருக்கும். அதை நம்பி ஒன்றுசேர்ந்தால் மரியாதையோடு வாழலாம். எங்கள் மாதர் சங்கங்களில் இதைத்தானே பேசிக்கொள்கிறோம்?

இனி, பிள்ளைகளுக்காகச் சில விடயங்களை மனதில் வையுங்கள். கட்டுவிரியன் இரவில் வரும். அதன் கடி வலிக்காமலும் இருக்கலாம். ஆகவே தரையில் படுக்கவேண்டி வந்தால் நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் செருகிவிடுங்கள். இருட்டில் ரோர்ச் இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். விறகைச் சுவரோரம் அடுக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் மோதிரம், காப்பு இருந்தால் உடனே கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் தடி வைத்துத் தாங்கிக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ கூடாது. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. ஆனால் குணகட்டுவா என்று சிங்களத்தில் சொல்லும் சிறிய விரியனின் கடிக்கு இந்திய மருந்து வேலை செய்யாது. அதற்கும் ஆஸ்பத்திரியில் நின்று சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டும். ஆகையால் எந்தக் கடியையும் சிறிதென்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அன்று ஓமத் தண்ணீரோடு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதைக்கிறது. இதைப் படித்துவிட்டு உங்கள் அயலவளுக்கும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.