கழுத்து வலிக்கு கரண்ட் வச்சா போதுமா?

1/ மூணு மாசத்துக்கு மேல விடாத கழுத்து வலி இருக்கா? "பிசியோதெரபி எல்லாம் பார்த்தாச்சு டாக்டர், கேட்கலை" என்று சொல்பவரா நீங்கள்? இந்த இழை உங்களுக்குத்தான். ஒரே ஒரு கேள்வி: அந்தப் பத்து நாள் சிட்டிங்கில் உங்கள் கழுத்து என்ன வேலை செய்தது?

2/ பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "படுக்கச் சொன்னாங்க, கரண்ட் வச்சாங்க, சூடு வச்சாங்க, அரை மணி நேரத்துல அனுப்பிட்டாங்க." அப்படியென்றால் மெஷின் வேலை செய்தது, நீங்கள் படுத்திருந்தீர்கள். என் கருத்தில், நீங்கள் இன்னும் பிசியோதெரபியை ஆரம்பிக்கவே இல்லை.

3/ கரண்ட், சூடு, மசாஜ் எல்லாம் சுத்த வேஸ்ட் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்கு வலி குறையலாம், இறுக்கம் தளரலாம். அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய வைக்கணும், அதுக்குத்தான் அது. அடுப்பைப் பத்த வச்சுட்டு உலை வைக்காம எழுந்து போனா சோறு எங்கிருந்து வரும்?

4/ நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தையல் மெஷின் முன்னாடியோ லேப்டாப் முன்னாடியோ குனிந்தே இருக்கும்போது கழுத்துக்குச் சுமை இன்னும் கூடும். நாள்பட்ட வலியில், கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சின்னத் தசைகள் பலவீனமாகிவிடுகின்றன. அவற்றின் வேலையையும் தோள்பட்டைத் தசைகள் சேர்த்து இழுக்கின்றன. அதான் சாயங்காலம் ஆனால் கல்லு மாதிரி இறுகுது. சூடு வைத்தால் தசைக்குப் பலம் வராது. வேலை கொடுத்தால்தான் வரும்.

5/ இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 பெண் அலுவலகப் பணியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரப்பர் பேண்டை வைத்துக் கழுத்துக்குப் பலப் பயிற்சி. இன்னொரு குழுவுக்குப் படுத்தபடி தலையைத் தூக்கும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு நீட்டிமடக்கும் பயிற்சியும் பொதுவான உடற்பயிற்சியும் செய்யச் சொல்லி அறிவுரை. ஒரு வருடம் கழித்து முதல் இரண்டு குழுக்களிலும் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. மூன்றாவது குழுவுக்கு அந்த அளவு பலன் இல்லை. இது 2003-ல் ஜாமா இதழில் வந்தது.

6/ "எனக்கு எலும்பு தேய்ஞ்சிருக்கு, டிஸ்க் பிதுங்கியிருக்குனு ஸ்கேன்ல போட்டிருக்கே?" நியாயமான பயம். ஆனால் ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. இது 2015-ல் வெளியான ஆய்வு. தலை நரைக்கிற மாதிரிதான் இதுவும். ஸ்கேன் பேப்பரை வைத்துக்கொண்டு "இனிமே தைக்காதீங்க, குனியாதீங்க" என்று ஒருவருடைய பிழைப்பையே நிறுத்தச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

7/ அந்தப் பயத்தில்தான் மாசக்கணக்கா காலர் போட்டுக்கிட்டு சுத்துறோம். எலும்பு முறிவுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் காலர் தேவைப்படலாம். சாதாரண நாள்பட்ட வலிக்குக் காலரைக் கழற்றாமல் இருந்தால், ஏற்கெனவே பலவீனமான தசை இன்னும் சோம்பேறியாகிவிடும்.

8/ சரி, என்ன செய்யணும்? மூன்று எளிய பயிற்சிகள்:
அ) மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ஆமாம் என்று தலையாட்டுவது போல் தாடையை லேசாக உள்ளே இழுத்து 5 விநாடி பிடியுங்கள். 10 முறை.
ஆ) நெற்றியில் கையை வைத்து, தலை அசையாமல், கையும் தலையும் ஒன்றையொன்று மெதுவாகத் தள்ளட்டும். 5 விநாடி. பிறகு பின்பக்கம், இரண்டு பக்கவாட்டிலும் அதேபோல்.
இ) ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டை மாட்டி, இரண்டு முழங்கைகளையும் பின்னால் இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் நெருங்கணும். 10 முறை.

9/ செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. அதற்கும் மேல் நீடித்தால் அளவைக் குறையுங்கள். வலி கைக்கு இறங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வாரம் 3 நாளாவது செய்யணும். பலம் கூடக் கூட எண்ணிக்கையையும் ரப்பர் பேண்டின் இறுக்கத்தையும் கூட்டணும்.

10/ பத்து நாளில் பலன் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். வலி போனதும் நிறுத்திவிடவும் கூடாது. பல் துலக்குவதை ஒரு கோர்ஸ் முடிச்சாச்சுனு நிறுத்துறோமா?

11/ இந்த அறிகுறிகள் இருந்தால் பயிற்சி வேண்டாம், முதலில் டாக்டர்:
• கை மரத்துப்போவது, பிடி தளர்வது, சட்டைப் பட்டன் போட முடியாமல் திணறுவது
• நடை தள்ளாடுவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது
• காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது
• விபத்துக்குப் பிறகு வந்த வலி
• திடீரென்று கடுமையான கழுத்து வலியோடு தலைசுற்றல், பேச்சுக் குழறல்
கழுத்தோடு நெஞ்சு, தாடை, கை வலித்து வியர்த்தால் மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108.

12/ சலூனில் தலையைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை இன்றோடு விடுங்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும்.

13/ பிசியோவிடம் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "வீட்டுல நான் என்ன பயிற்சி செய்யணும்? அடுத்த தடவை அதை எப்படிக் கூட்டுவீங்க?" நன்றாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். பதிலே வராமல் சிட்டிங் பேக்கேஜ் விலை மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள். காசில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு.

14/ மருத்துவ நண்பர்களுக்கும் ஒன்று. சீட்டில் வெறுமனே "பிசியோ 10 நாள்" என்று எழுதி அனுப்பினால் நோயாளிக்குக் கரண்ட்தான் கிடைக்கும். "பயிற்சி கற்றுக்கொடுக்கவும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதுவோம்.

உங்கள் கழுத்து கண்ணாடிப் பொருள் இல்லை. வேலை கொடுங்கள், தாங்கும்.