பீரோவில் ஒரு பீரங்கி

எங்கள் வீட்டு பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்கும் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கும் நடுவே ஒரு பீரங்கி இருக்கிறது. இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பீரங்கி என்று பெயர் வைத்தது என் மாமனார். உண்மையில் அது ஒரு காமிரா லென்ஸ். நிக்கான் 200-500. நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. எடை, அதன் காலோடு சேர்த்து 2 கிலோ 300 கிராம். காமிராவையும் மாட்டினால் 3 கிலோவைத் தாண்டும். பிறந்த குழந்தையின் எடை! குழந்தையாவது நாளாக ஆகத் தானே நடக்கும். இது நடக்காது.

ஏன் இத்தனை கனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 500 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் மீது 5.6 என்று ஓர் எண் போட்டிருக்கும். 500-ஐ 5.6-ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 89 வரும். அதாவது ஒளி உள்ளே நுழைகிற வாசல் 89 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு டபரா வாயகலம். அவ்வளவு அகலத்துக்குக் கண்ணாடிகளை அடுக்கினால் கனக்காமல் என்ன செய்யும்? மூளையைக் கசக்கி எடையைக் குறைத்த லென்ஸ்களும் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் நாம்தான் இளைத்துப் போவோம்.

2018-ல் வாங்கினேன். சில்லறை குறைவாக ஒரு லட்சம். என் சகதர்மிணி சீட்டு எடுத்த பணம். "பறவைகளைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினால் ஒரே வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்று பி.காம். படித்த நான், காலேஜ் வாசலையே மிதிக்காத சீட்டுக்காரம்மா எதிரில் பேசினேன். அந்தம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் வாங்கிய அதே 2018-ல்தான் நிக்கான் கம்பெனி, 1959-லிருந்து கட்டிக் காத்த பழைய மவுன்ட்டை விட்டு, கண்ணாடி இல்லாத புது ரகக் காமிராக்களுக்குத் தாவ ஆரம்பித்தது. என் டைமிங் எப்போதும் அப்படி!

முதல் இரண்டு வருஷம் ஜோராகத்தான் போயிற்று. பள்ளிக்கரணையில் 200 அடி ரோட்டு ஓரம், லாரிப் புழுதிக்கு நடுவே நின்றிருக்கிறேன். "ஸார், எந்த சேனல்?" என்று பைக்கை நிறுத்திக் கேட்பார்கள். பூநாரை வரும், சில நாள் வராது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்ஸார் அந்தஸ்து கிடைத்தபோது என்னமோ நானே வாங்கிக் கொடுத்த மாதிரி ஆபீஸ் நண்பர்களுக்கு டீ வாங்கித் தந்தேன். அதற்குள் லென்ஸ் பீரோவுக்குள் குடியேறி நாளாகியிருந்தது என்பது வேறு விஷயம்.

போன ஜனவரியில் பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ் நோட்டீஸ் வந்தது. மார்ச்சுக்குள் கட்ட வேண்டும். என் மனைவி நோட்டீஸைப் படித்தாள், மடித்தாள், பீரோவில் வைத்தாள். வைக்கும்போது கேட்டாள்: "ஏங்க, இதைக் கடைசியா எப்போ எடுத்தீங்க?"

அவ்வளவுதான். 'வித்துடுங்க' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அன்று ராத்திரி கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எந்த லென்ஸ், எந்தத் தேதி என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பொய் சொல்லாத சாட்சி. எண்ணிப் பார்த்தால், ஏழு வருஷத்தில் பீரங்கி வெளியே போனது 19 தடவை. அதில் 14, முதல் இரண்டு வருஷத்தில். கடைசி மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அதுவும் மொட்டை மாடிக்கு, பௌர்ணமி நிலா எடுக்க. இத்தனை பெரிய லென்ஸிலும் நிலா சென்ஸார் மேல் நாலரை மில்லிமீட்டர்தான் விழும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். பச்சரிசி அளவு!

லெட்ஜர் போட்டேன். வாங்கியது ஒரு லட்சம். விற்றால் 55 ஆயிரம் தேறும் என்றார் விவரம் தெரிந்த நண்பர். தேய்மானம் 45 ஆயிரம். 19-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு 2,368 ரூபாய். இதே லென்ஸை வாடகைக்கு விசாரித்தால் நாளொன்றுக்கு 1,500 சொன்னார்கள். காலேஜில் எங்கள் புரொபஸர் 'ஸங்க் காஸ்ட்' என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார். என் பாட்டி அதை மூன்றே வார்த்தையில் நடத்துவாள்: "போன காசு போனதுதான்." ஆக லெட்ஜர் விற்கச் சொல்லியது. பாட்டியும் விற்கச் சொல்லியிருப்பாள்.

ஆனாலும் கை வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். அந்தப் பைக்குள், காலை நாலு மணிக்கு எழுந்து, தெர்மாஸில் காபி ஊற்றிக்கொண்டு, ஏரிக்கரையில் மூச்சை அடக்கிக் காத்திருக்கிற ஒரு ஆசாமி இருந்தான். அவன் பெயரில்தான் லென்ஸ் வாங்கினேன். லென்ஸ் போனால் அவனும் போய்விடுவான். வீட்டில் ஹார்மோனியமோ டம்ப்பெல்ஸோ வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, விளம்பரம் கொடுத்தேன். முந்தின ராத்திரி துடைத்து வைக்கலாமென்று எடுத்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். பகீரென்றது.

உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில், சிலந்தி இழை மாதிரி, நகக்கண் அளவுக்கு வெள்ளையாக ஒரு கோலம். பூஞ்சணம்!

சென்னையின் ஈரக் காற்றில், வெளிச்சமே படாமல் துணிக்கு நடுவே மூடி வைத்தால் லென்ஸுக்கு வருகிற வியாதி. காற்றின் ஈரம் நூற்றுக்கு நாற்பது, ஐம்பதில் இருக்கும்படி தனிப் பெட்டி வைக்க வேண்டும். குறைந்தபட்சம் சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப்புகாத டப்பாவில் மூட வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்துப் படம் பிடித்தாலே பாதி வியாதி அண்டாது. (அரிசி டப்பாவில் போடுங்கள் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். செய்யாதீர்கள். தவிட்டுத் தூசி உள்ளே போகும்.) முற்றவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். என்னுடையது ஆரம்ப நிலை. படத்தில் தெரியவே தெரியாது. ஆனால் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பையன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். கிண்டியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் பையைத் திறந்து பார்த்தான். தொட்டுப் பார்ப்பதற்கு முன் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டான். 2018-ல் நானும் அப்படித்தான் துடைத்தேன்.

"சொந்த ஊரு மதுராந்தகம் பக்கம் ஸார். வேடந்தாங்கல் பறவைங்க எங்க வயல்லதான் மேயும். நத்தகுத்தியை சின்ன வயசுலேர்ந்து தூரத்துலயே பார்த்துட்டு இருக்கேன். அதோட அலகு நடுவுல ஒரு சந்து இருக்குமாமே, அதை ஒரு தடவை படமா எடுத்துடணும்."

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். எனக்கு நெஞ்சு அடித்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு ஸார். 55 ஓகே. பாதி இப்போ தர்றேன், மீதி ஒண்ணாம் தேதி" என்றான்.

அவன் கண்ணில் படவில்லை!

உள்ளே குக்கர் சத்தம். பீரோவில் ஃபீஸ் நோட்டீஸ். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்காலத்துக்கு அப்புறம் அவனே கண்டுபிடிப்பான். அப்போதும் தன் வீட்டில் வந்ததென்றுதான் நினைத்துக்கொள்வான். இத்தனையும் நான் யோசித்தது அவன் பர்ஸை எடுத்த நேரத்துக்குள்.

"தம்பி, லைட்டைக் கொஞ்சம் சாய்ச்சு அடி. இதோ, இந்த ஓரம்."

பார்த்தான். முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சுத்தம் பண்ண எவ்வளவு ஸார் ஆகும்?"

"ஐயாயிரம் வரைக்கும் கேப்பாங்க. அதோட கனமும் உனக்குத் தெரியணும். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போ. ஒரு நாள் முழுக்கத் தூக்கிப் பாரு. அப்புறம் சொல்லு."

"நீங்களும் வாங்களேன் ஸார்" என்றான்.

போனேன். வேடந்தாங்கல் ஜனங்களுக்குப் பறவைகள் மேல் உள்ள பாசம் பழைய பாசம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கியவர்கள். இதெல்லாம் போர்டில் படித்த சங்கதி எனக்கு. பையனுக்கு தாத்தா சொன்ன கதை. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாவற்றையும், நான் புஸ்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள், பறக்கிற தினுசை வைத்தே சொன்னான்.

பத்து மணிக்குள் அவன் தோள் இறங்கிவிட்டது. கரைச்சுவர் மேல் லென்ஸைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "கனம்தான் ஸார்" என்றான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. நீர்க்கடம்பு மரத்தில் ஒரு நத்தைகுத்தி, குஞ்சுக்கு நிழலாக இறக்கையை விரித்து நின்றது. மூடிய அலகின் நடுவே அந்தச் சந்தில், பின்னாலிருந்த வானம் தெரிந்தது. பத்தொன்பது தடவை போன எனக்குக் கிடைக்காத படம். பொறாமையாகத்தான் இருந்தது.

48 ஆயிரத்துக்குக் கொடுத்தேன். சுத்தம் பண்ணும் செலவைக் கழித்துக்கொண்டான். மேற்கொண்டு இரண்டு, நானாகக் குறைத்தது. வரிக் கணக்கில் போடுகிற மாதிரி வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழித்து வந்தால் லென்ஸின் இன்றைய மதிப்பு 32 ஆயிரம் சொச்சம்தான். அந்த வகையில் நான் லாபம் பார்த்திருக்கிறேன் என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பீரோவில் காலியான இடத்தில் இப்போது கம்பளி வைத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு காலை நாலரை மணிக்கு செல்போன் கத்தியது. "ஸார், கிளம்பிட்டேன். உங்க வீட்டு முனையில நிக்கறேன். வர்றீங்களா?"

தெர்மாஸைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். பையைத் தூக்குவது அவன் பாடு. காபி மட்டும் என்னுடையது.