பிடுங்குவதுதான் ஏழைக்குப் பல் வைத்தியமா?



இரவு ஷிப்டு முடிந்து பல்வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார் மில் தொழிலாளி. "இவ்வளவு நாள் என்ன செய்தாய்? இனிப் பிடுங்கத்தான் வேண்டும்" என்கிறார்கள். நாற்று நடும் தாயின் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழுகிறது. கிராம்பை வைத்துப் பொழுதை விடிய வைக்கிறாள் அவள். பணமுள்ளவன் பல்லைக் காப்பாற்றிக்கொள்கிறான், உழைப்பவன் இழக்கிறான். இது தலைவிதியா? இல்லவே இல்லை என்கிறோம் நாம்.

"ஏழைகள் ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை" என்று உபதேசிக்கும் கனவான்கள் கேட்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் சுமார் 200 கோடிப் பேருக்கு நிலைப்பற்களில் சொத்தை. 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை. இத்தனை கோடிப் பேரும் சோம்பேறிகளா?

பல்லில் ஒட்டிய சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. கரையத் தொடங்கிய பல்லை மீண்டும் இறுக்க உதவுவது புளோரைடு.

விஞ்ஞானம் இத்தோடு நிற்கவில்லை. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சில்வர் டயமின் புளோரைடு என்ற திரவத்தை உருவாக்கினார்கள். 1970இல் அந்நாடு அதை அனுமதித்தது. அதிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்கிறது. புளோரைடு பல்லை இறுக்குகிறது. துளைக்கும் இயந்திரம் வேண்டாம், மரத்துப்போக ஊசி வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ஒரு துளி தடவினால் பெரும்பாலான சொத்தைகள் பரவாமல் நிற்கும். குழியை அடைக்கவோ, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இருக்கிறது. லண்டனில் அரசாங்க ரசாயன ஆராய்ச்சிசாலையில் வில்சன், கென்ட் என்ற இருவர் 1960களின் இறுதியில் கண்டுபிடித்தது அது. பல்லோடு ஒட்டிக்கொண்டு புளோரைடைச் சிறுகச் சிறுக விடுகிறது. பொதுமக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலன் பொதுமக்களுக்கு வந்து சேர்ந்ததா?

2021இல் இவ்விரண்டையும் புளோரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது உலக சுகாதார நிறுவனம். அப்போது டில்லி சர்க்கார் என்ன செய்தது? பற்பசைக்கு நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி. வரி வசூலித்துக்கொண்டிருந்தது! 2017 ஜூலையில் தொடங்கிய அந்த வரி 2025 செப்டம்பரில்தான் 5 ஆகக் குறைந்தது. அத்தியாவசிய மருந்துக்கு அந்த 5 மட்டும் எதற்கு?

"தர்மபுரிப் பக்கத்தில் பல்லைக் கறையாக்கியது இதே புளோரைடுதானே?" என்று ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே நிலத்தடி நீரில் அளவுக்கு மிஞ்சிய புளோரைடை மக்கள் வருஷக்கணக்காகக் குடித்தார்கள். பல்லும் எலும்பும் கெட்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. சொத்தையில் தடவும் துளி வேறு. அன்றாடம் குடிக்கும் நீர் வேறு. அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பற்பசைகூட ஓர் அரிசி அளவுதான்.

இன்னொன்றையும் மறைக்கமாட்டோம். இத்திரவம் சொத்தை இருந்த இடத்தை நிரந்தரமாகக் கறுப்பாக்கும். இதைத் தாயிடம் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். வேர்வரை அழுகிய பல்லுக்கு இது உதவாது. அதனால்தான் காலத்தில் கிடைக்கவேண்டும் என்கிறோம். "மலிவு மருந்து வந்துவிட்டது, பல் டாக்டர் எதற்கு?" என்று கைகழுவவும் விடமாட்டோம்.

நாம் கேட்பது பிச்சையல்ல. இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கிறோம். வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கொடுக்கிறோம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், சர்க்கார் பள்ளியிலும் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கவேண்டும். ஊர்தோறும் குடிநீரில் புளோரைடு எவ்வளவு என்று சோதித்து அறிவிக்கவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பிடுங்கிய பல் மறுபடி முளைக்காது. பிடுங்குமுன் கேட்போம்!