காய்ச்சும்போதே எழுதுங்கள்



இந்த இதழ் முழுக்க வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றியது. பிரிட்டனில் 1963 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அந்த நாடுகளில் காய்ச்சிப் பழகியவர்களின் அனுபவங்களைத் தொகுத்தபோது, ஒரு விஷயத்தை நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அது குறிப்பேடு.

1757இல், 25 வயதில், வர்ஜீனியாப் படையில் கர்னலாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தன் குறிப்பேட்டில் வீரியம் குறைந்த பீர் ஒன்றின் செய்முறையை எழுதினார். இன்று அந்தக் குறிப்பேடு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. ஒரு பெரிய சல்லடை நிறையத் தவிடு, ருசிக்கேற்ற ஹாப்ஸ், 3 மணி நேரக் கொதி. வடித்த 30 கேலனோடு, சூடு ஆறும் முன்பே 3 கேலன் மொலாசஸ். உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒரு குவார்ட் ஈஸ்ட். குளிர் கடுமையாக இருந்தால் மேலே கம்பளி போர்த்தச் சொல்கிறார். எனக்கு அந்தக் கம்பளி மிகவும் பிடிக்கும். குளிரில் ஈஸ்ட் சோர்ந்துபோவதைக் கண்ட யாரோ சொன்ன வரி அது.

ஆனால் என்றைக்குக் காய்ச்சினார்கள், எப்படி வந்தது என்பதெல்லாம் அந்தச் செய்முறையில் இல்லை. 'ருசிக்கேற்ற ஹாப்ஸ்' என்பதை வைத்துக்கொண்டு அதே பீரை யாரும் மறுபடி கொண்டுவர முடியாது. ஹாப்ஸின் கசப்பு ஆல்ஃபா அமிலத்தைப் பொறுத்தது. அது ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே ரகத்திலும் அறுவடைக்கு அறுவடை மாறும். 5 சதவீத ஹாப்ஸ் 30 கிராமும் 7 சதவீத ஹாப்ஸ் 30 கிராமும் ஒரே கசப்பைத் தராது. ஆகவே எடையோடு, பொட்டலத்தில் அச்சிட்ட சதவீதத்தையும் அறுவடை ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைக் குப்பையில் போட்ட பிறகு அந்த எண்ணை எங்கே தேடுவது?

இன்னொரு அமெரிக்க அதிபரின் வீட்டில் நடந்தது எனக்கு மனம் ஆறாத கதை. தாமஸ் ஜெஃபர்சன் பல்லாண்டுகள் வெப்பநிலையைக் குறித்து வந்தவர். தோட்டத்தில் என்ன விதைத்தார், எது எப்போது காய்த்தது என்றெல்லாம் எழுதி வைத்தவர். அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் தொழில் கற்று, மால்ட் தயாரிப்பதையும் பீர் காய்ச்சுவதையும் பிறகு தன் பொறுப்பில் நடத்தியவர் பீட்டர் ஹெமிங்ஸ். அங்கே அடிமையாக வைக்கப்பட்டிருந்த சமையல்காரர். அவருடைய கூர்மையையும் பிறருக்குக் கற்றுத்தரும் திறமையையும் தன் நண்பர் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில் ஜெஃபர்சனே பாராட்டுகிறார். ஆனால் 1821இல் வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் பார்பர் செய்முறை கேட்டபோது, அப்படி ஒன்று தன்னிடம் இல்லை, எழுதிவைத்ததைப் பார்த்து இதைச் செய்துவிட முடியுமா என்பதே சந்தேகம் என்று பதில் எழுதினார். வெப்பநிலைக்குக் கிடைத்த அந்தப் பேனா, ஹெமிங்ஸ் காய்ச்சிய ஒரு நாளுக்காவது கிடைத்திருக்கலாம்.

செய்முறையைப் படித்து மட்டும் கைகூடும் வேலை இல்லை என்பதில் ஜெஃபர்சனோடு எனக்கும் உடன்பாடுதான். அதனால்தான் அன்றன்று நடந்ததை எழுதச் சொல்கிறேன். மால்ட்டை 66 டிகிரி செல்சியஸில் ஊறவைக்க நினைத்தீர்கள். வெப்பமானி 69 காட்டியது. 69ஐ எழுதுங்கள். அந்தச் சூட்டில் நொதிக்காத சர்க்கரை கூடுதலாகத் தங்கி, பீர் கொஞ்சம் கனமாக நிற்கும். ஈஸ்ட் போடும் முன் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.048 காட்டி, நொதித்து முடிந்ததும் 1.010இல் நின்றால், வித்தியாசத்தை 131ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால். அந்தக் கடைசி எண் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றதைக் குறித்த பிறகே பாட்டிலில் அடையுங்கள். முடிவதற்குள் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். இந்த ஒரு குறிப்பில் மட்டும் யாருக்கும் சலுகை தரமாட்டேன்.

நொதிக்கும் அறையின் சூட்டையும் தினமும் பாருங்கள். 18 முதல் 20 டிகிரிக்குள் நிற்க வேண்டிய ஏல் 26க்குப் போனால் பழ வாசம் தூக்கலாகும், சில நேரம் காரமான சாராய நெடியும் வரும். நாக்குக்கு அது தெரியவரும்போது வாரங்கள் கடந்திருக்கும். எந்த நாள் வெயில் ஏறியது என்று குறிப்பேடுதான் காட்டித்தரும். பென்சிலால் எழுதுவது நல்லது, ஈரக் கை பட்டாலும் கலையாது. சுவையை இரண்டாம் வாரமும் மூன்றாம் மாதமும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு பீராக இருக்கும்.

குறிப்பேடு வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கறையும் அடித்தல் திருத்தலும் அப்படியே இருக்கட்டும். எதிர்பார்த்தபடி வராத பீரின் பக்கமாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. என்ன நடந்திருக்கும் என்று அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்