பரபக்கம் எழுதுவோர் யார்?

கொல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரி 1824இல் தொடங்கியது. அது தொடங்கும் முன்பே அதை எதிர்த்தவர் ராம்மோகன் ராய். இலக்கண நுணுக்கத்துக்கும் வேதாந்த ஊகங்களுக்கும் அரசுப் பணம் போவதைவிட, கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கலாமே என்று 1823 டிசம்பரில் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு எழுதினார். உபநிடதங்களை வங்காள மொழியில் பெயர்த்தவரும் அவர்தான்.

முப்பது ஆண்டுக்குள் அதே கல்லூரிக்கு ஈசுவர சந்திர வித்யாசாகர் முதல்வர். காசிக் கல்லூரி முதல்வர் பாலன்டைன் வந்து பார்த்துவிட்டு, கீழைத் தத்துவமும் மேலைத் தத்துவமும் ஒத்துப்போகும் இடங்களை மாணவர்க்குக் காட்டலாம் என்றார். வித்யாசாகர் இசையவில்லை. வேதாந்தமும் சாங்கியமும் பிழையான தரிசனங்கள் என்று 1853இல் கல்விக் குழுவுக்கு நேராகவே எழுதினார். ஆனால் அவற்றைப் பாடத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை! அவற்றோடு மோதிப் பார்க்க ஜான் ஸ்டுவர்ட் மில்லின் தர்க்க நூல் வேண்டும், அதுவும் சுருக்கமாக அல்ல, முழுதாக என்றார். கருத்துமுதல்வாதி பெர்க்லி மட்டும் வேண்டாம்; அவர் வேதாந்தத்துக்கு ஒத்து ஊதுவார் என்பது வித்யாசாகரின் கவலை.

மரபு பற்றிய நம் விவாதங்களில் மேலைத் தத்துவவாதி காடமர் வருகிறார், வரலாற்றாளர் ஹாப்ஸ்பாம் வருகிறார். வித்யாசாகரின் 1853 பதிலும் வர வேண்டும் என்பேன். பிழை என்று கருதியதையும் பாடத்தில் விட்டுவைத்த ஒருவரை மரபின் பகைவர் என்பதா, வாரிசு என்பதா?

தத்துவவாதி கிருஷ்ண சந்திர பட்டாச்சார்யா கருத்துலக சுயராஜ்யம் பற்றிப் பேசியபோது அயல் சிந்தனையை விலக்கச் சொல்லவில்லை. நம் சிந்தனையோடு உரசிப் பார்க்காமலே அதை ஏற்பதுதான் அடிமைத்தனம் என்றார். அப்படி உரசிப் பார்த்துக் காட்டியவர் தத்துவ அறிஞர் ஜே. என். மொஹந்தி. ஜெர்மனியில் பயின்று திரும்பியவர், கொல்கத்தாவில் அனந்தகுமார் தர்க்கதீர்த்தரிடம் நியாயம் பாடம் கேட்டார். நியாய அறிஞர் கங்கேசரின் உண்மைக் கோட்பாடு பற்றிய மொஹந்தியின் நூல் 1966இல் வந்தது. பண்டிதரான தர்க்கதீர்த்தரை வெறும் தகவல் சொல்பவராக அவர் நடத்தவில்லை, ஆசிரியராக ஏற்றார். பல்கலைக்கழகத் துறைகளில் இது இன்றும் அரிது.

நம் பக்கம் வருவோம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன், மாற்றார் கொள்கையை ஆராயும் பரபக்கத்தை வைத்தார். உலகாயதத்தில் தொடங்கி மாற்றார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, பிறகே மறுத்தார். மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரின் வாதத்தையும் கேட்ட பிறகே பௌத்த அளவையியலைக் கற்கிறாள். இப்படி எதிராளிக்கு இடம் கொடுத்த மரபைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் எதிராளியே இல்லை. தமிழ் நூல் முதல் பத்தியில் கடவுள் வாழ்த்துப்போல வந்து போகிறது. வாதம் முழுக்க வேறெங்கிருந்தோ இரவல். மரபைச் சாடும் கட்டுரைகளும் இப்படித்தான். மூலநூலின் வலுவான வாதத்தை எடுத்துச் சொல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அடுத்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், தாம் மறுக்கும் தரப்பை அந்தத் தரப்பாரே ஒப்பும்படி ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள். அது இல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளருக்கு அனுப்ப மாட்டோம்.