ஊரில் இல்லாதவனுக்கும் சொல்லுங்கள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதான வேன்ல ஊர் ஊராச் சுத்துறது? வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். ரசம் ஊற்ற ஆள் வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். கேள்வி மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்த 78,000 பேருக்கு மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். கொரோனா அடங்கியதும் ஓர் ஈகோ வண்டி வாங்கினேன். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்து, ஒரு கேஸ் அடுப்பையும் இரண்டு தண்ணீர் கேனையும் ஏற்றிக்கொண்டு, வருடத்தில் மூன்று மாதம் நானும் வீட்டுக்காரியும் கிளம்பிவிடுவோம். இரவு பெரும்பாலும் லாட்ஜ், சத்திரம். எதுவும் கிடைக்காவிட்டால் பெட்ரோல் பங்க் ஓரம்.

பந்தியில் சொல்லாத பதில் இது. நல்லது கெட்டதுக்கு வந்து சேருவது ஒன்றும் பெரிய பாடு இல்லை. இன்றைக்கு விமானம் இருக்கிறது, ரயில் இருக்கிறது. பெரிய பாடு, நமக்குச் செய்தி வந்து சேருவதுதான். "பாவம், தூரத்துல இருக்காங்க, இப்பச் சொல்ல வேண்டாம்" என்று வீட்டில் நாலு பேர் கூடி முடிவு செய்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் தப்பு என்கிறேன்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 1982-ல் நான் வேலைக்குச் சேர்ந்தது தந்தி ஆபீசில். அந்தக் காலத்தில் வந்த சாவுத் தந்திகளில் எத்தனையோ, சாவு என்றே சொல்லாது. "அப்பா சீரியஸ். உடனே புறப்படு" என்றுதான் இருக்கும். படித்தவனுக்குப் புரிந்துவிடும், பஸ் பிடிக்க ஓடுவான். பாதியை மறைத்தாலும் அந்தத் தந்தி ஆளைக் கிளப்பிவிட்டது. 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இப்போது என்னடாவென்றால் முழுசாக மறைக்கிறார்கள்.

2023 செப்டம்பரில் நாங்கள் லேவில் இருந்தோம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். தொலைபேசித் துறையில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் இதை மறந்து போனேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ராவி ஆற்றைத் தாண்டியதும் இரண்டு போனும் செத்துவிட்டன. என்னுடையது பட்டன் போன். அவளுடையதில் மட்டும் தங்கும் இடத்து வைஃபை மூலம் சாயங்காலம் மகனோடு வாட்ஸ்அப்பில் பேசுவோம்.

ஒரு சாயங்காலம் அவள் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. "மூச்சு முட்டுது, பாங்காங் ஏரி எல்லாம் வேண்டாம், நாளைக்கே இறங்கிருவோம்" என்றாள். 11,500 அடி உயரம், எனக்கு ரத்த அழுத்தம் வேறு. சரி என்று இறங்கினேன். கார்கில், ஸ்ரீநகர், கட்ரா. கட்ராவில் வைஷ்ணவி தேவியைப் பார்ப்பதாக ஊரில் புறப்படும்போதே வேண்டியிருந்தோம். வாசல் வரை வந்துவிட்டு, கால் வலிக்கிறது, கோயிலுக்கு வேண்டாம் என்றாள். நீ இரு, நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன். நீங்களும் போக வேண்டாம் என்றாள். எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு தூரம் கூட்டி வந்தது எதற்கு என்று நடுத்தெருவில் வைத்துச் சத்தம் போட்டேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

மறுநாள் லக்கன்பூர் வந்தது. பாலத்தைத் தாண்டினால் பஞ்சாப். இரண்டு போனுக்கும் உயிர் வந்துவிடும். பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். "அக்கா போயிட்டாங்க. இன்னைக்கு ஆறாம் நாள்" என்றாள்.

எனக்கு இருந்தது ஒரே அக்கா. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில், கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி போட்டுத்தான் எடுப்பார்கள். அந்தச் சேலையை உடன்பிறந்தவன் கொண்டுபோய்ப் போட வேண்டும். சித்தப்பா மகன் என் பெயரைச் சொல்லிப் போட்டானாம். என்ன நிறம் என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. ஊருக்கு வந்து சேர்ந்தது பதினான்காம் நாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இருந்தேன், மற்ற எதற்கும் இல்லை.

அக்கா மகன்தான் முடிவெடுத்தவன். அவன் கெட்டவன் இல்லை. "மாமா, மலையில வண்டி ஓட்டிட்டு இருக்கீங்க, பிரஷர் வேற. சொல்லி உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அத்தைக்கு யார் பதில் சொல்றது?" என்றான். நியாயமாகத்தான் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கா இறந்தது மதியம். அன்று சாயங்காலமே எனக்குச் சொல்லியிருந்தால், மறுநாள் காலை லேவிலிருந்து டெல்லிக்கு விமானம். அங்கிருந்து சென்னை வழியாக மதுரை. இரவுக்குள் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். அமெரிக்காவிலிருந்து மகன் வரட்டும் என்று இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வீடுகளை நாம் பார்த்ததில்லையா? லேவிலிருந்து தம்பி வர ஓர் இரவு தாங்காதா?

மலையில் வண்டி ஓட்டுகிறவனிடம் சொல்லக்கூடாது என்றால், "வண்டியைத் தொடாதே, விமானத்தில் வா" என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வண்டி எங்கே போகும்? அது லேவிலேயே கிடந்திருக்கும். பனி விழுந்து சோஜிலா கணவாய் அடைபடுவதற்குள் போய் எடுத்து வந்தால் போதும். என் வண்டி பற்றி என்னைவிட வீட்டாருக்குக் கவலை அதிகம்போல.

என் பங்கு தப்பும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கிளம்பும்போது டயர் மாற்றினேன், மாத்திரை தொண்ணூறு நாளுக்கு வாங்கினேன். இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்கு எழுபத்தொரு வயது என்று தெரியும். இருந்தும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாகப் பேசக்கூடாது என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று மாதம் சுற்றும்போது, ஊரில் இருக்கிறவர்கள் தலையில்தான் ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் விழுகிறது. அக்கா மகனிடம் கோபப்பட எனக்கு இருக்கும் உரிமை, அந்த அளவுக்குக் குறைவுதான்.

நல்ல காரியங்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அதற்குத் தேதி இருக்கிறது. கல்யாணம், சீமந்தம் என்றால் பயணத்தையே முன்பின் மாற்றிக்கொள்வோம். காதுகுத்து, புதுமனை புகுவிழா என்றால் வர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மொய் ஜிபேயில் போய்விடும். இதில் என் வீட்டுக்காரிக்குச் சம்மதம் இல்லை. தன் அண்ணன் பேத்தி காதுகுத்துக்குப் போகாததை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

அக்காவுக்குப் பிறகு எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: எது நடந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள், வருவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். இரண்டு பேருக்கும் கடைசி நேர விமான டிக்கெட் எடுக்கப் பணம் தனிக் கணக்கில் கிடக்கிறது, வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. என் சிம் இப்போது போஸ்ட்பெய்டு. தட்காலுக்குக் காலை 10 மணிக்கு உட்கார வேண்டும் என்பதுகூட மகனுக்குத் தெரியும்.

2025 ஜனவரியில் ஓங்காரேஷ்வரில் இருந்தபோது காலை ஆறு மணிக்கு மைத்துனன் கூப்பிட்டான். "அத்தான், அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. நாளைக்கு ஆபரேஷன்." அவ்வளவுதான், சுற்றி வளைக்கவில்லை. வண்டிச் சாவியை லாட்ஜ்காரரிடம் கொடுத்துவிட்டு டாக்ஸியில் இந்தூர், அங்கிருந்து விமானம் மாறி மதுரை. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது என் மாமியார் மகளின் கையைப் பிடித்திருந்தார். வண்டி நாற்பது நாள் நர்மதைக் கரையில் கிடந்தது. நான் மட்டும் ரயிலில் போய்ப் பார்த்தால் பேட்டரி செத்திருந்தது, எலி ஒயரைக் கடித்திருந்தது. மெக்கானிக்குக் கொடுத்த காசு எனக்கு வலிக்கவே இல்லை.

இதை எழுதும் முன் வீட்டுக்காரியிடம் கேட்டேன், மறுபடியும் அப்படி ஒன்று நடந்தால் மறைப்பாயா என்று. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அஞ்சு நாள் உங்க பக்கத்து சீட்டுல அதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவ நான். கட்ராவுல நீங்க ஏசுனதையும் வாங்கிக்கிட்டேன். ஆனா நீங்க மலையில ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டிருந்தா மறுபடியும் அதேதான்" என்றாள்.

ஐப்பசியில் ஒடிசா பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். மலைப்பாதை இல்லாத வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.