டப்பாவின் பெயரும் இலையின் ஊரும்

லண்டனிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், வேறு எது இருப்பினும் இல்லாவிடினும், செந்நிறப் பேருந்தோ, கரடித்தோல் தொப்பியணிந்த அரண்மனைக் காவலாளோ சித்திரமாக அச்சிடப்பெற்ற தகர டப்பா ஒன்றில் தேயிலை இருக்கக் காண்பது சர்வ சாதாரணம். ஹீத்ரோ விமான நிலையத்தில் ஹாரட்ஸும் ஃபோர்ட்னம் அண்ட் மேசனும் கடை விரித்திருப்பது இந்தப் பழக்கத்தை நன்கறிந்துதான். விமானம் புறப்படச் சிறிது நேரமே இருக்க, கையில் மிஞ்சிய பவுண்டு நோட்டுகளை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று யோசிக்கும் பிரயாணிக்கு அந்த டப்பாக்களின் வரிசை ஒரு விமோசனமாகவே தோன்றுகிறது.

இந்த வழக்கத்தைக் கண்டிப்பது என் நோக்கமன்று. வெளிநாடு போய் வந்தவர் உற்றார் உறவினருக்கு ஏதேனும் கொண்டுவந்து கொடுப்பது நம் சமூகத்தில் மரியாதையின் பாற்பட்ட விஷயம். எதைக் கொடுப்பது என்பதோ சங்கடம் மிகுந்த பிரச்னை. விஸ்கியை மைத்துனருக்குக் கொடுக்கலாம், பெரியப்பாவின் முன் வைக்க முடியாது. சாக்லேட்டு சித்திரை வெயிலில் உருகிவிடும், உருகாமல் வந்து சேர்ந்தாலும் வீட்டில் இரண்டு பேருக்காவது சர்க்கரை வியாதி இருக்கும். வாசனைத் திரவியம் வாங்குவதற்கோ அவரவர் ரசனை தெரிந்திருக்க வேண்டும். தேயிலை கனமற்றது, உடையாதது, சிந்தாதது, சைவ அசைவ பேதம் அறியாதது, மாமியாருக்கும் மேலதிகாரிக்கும் ஒரே மாதிரி கொடுக்கத் தக்கது. தேயிலை தீர்ந்த பிறகும் டப்பா சமையலறை அலமாரியில் கடுகையோ கிராம்பையோ தாங்கிக்கொண்டு பல்லாண்டு காலம் நிற்கும்.

ஆயினும், கார்ன்வாலில் உள்ள ட்ரெகோத்னன் போன்ற சில பண்ணைகளில் சொற்ப அளவு விளைவது நீங்கலாகத் தேயிலையே விளையாத ஒரு தேசத்திலிருந்து, நீலகிரியும் ஆனைமலையும் உள்ள தேசத்துக்குத் தேயிலை சுமந்து வருவது, கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டுபோவதல்லவா என்று நகைப்பவர்களும் உண்டு. அந்த நகைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் வணிகர்கள் தேயிலையில் தங்களுக்குள்ள பெயரைச் சும்மா சம்பாதித்துவிடவில்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

தாமஸ் ட்வைனிங் என்பவர் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் ஒரு காப்பிக் கடையை விலைக்கு வாங்கியது 1706-இல். அவ்வீதியில் 216-ஆம் எண்ணுள்ள கடையில் இன்றும் அவர் பெயரால் தேயிலை விற்பனையாகிறது. அக்காலத்தில் சீனத்திலிருந்து வந்த இலையின்மேல் அரசாங்கம் விதித்த தீர்வை, பிரதம மந்திரி இளைய பிட் 1784-இல் அதை 119 சதவீதத்திலிருந்து 12½ சதவீதமாகக் குறைக்கும் வரையில், சரக்கின் விலையைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது. தீர்வை அவ்வளவு உயர்ந்துவிட்டால் கள்ளக்கடத்தலும் கலப்படமும் பெருகுவது இயல்பேயாகையால், ஒருமுறை உபயோகித்த இலையை உலர்த்தி மறுபடி விற்பதும், வேறு மரங்களின் இலைகளுக்குச் சாயமேற்றிச் சேர்ப்பதும் அந்நாளைய அங்காடிகளில் சகஜமாக நடந்தன. கலப்படம் தீர்வைக் குறைப்போடு ஒழிந்துவிடவும் இல்லை. எனவே 1826-இல் ஜான் ஹார்னிமன் என்ற வியாபாரி, எடையிட்டு மூடி முத்திரையிட்ட பொட்டலங்களில் தேயிலையை விற்கத் தொடங்கியபோது, ஜனங்கள் வாங்கியது இலையை மட்டுமன்று, பொட்டலத்தின் மேல் இருந்த பெயர் அளித்த உத்தரவாதத்தையும்தான். பிரிட்டிஷ் தேயிலை என்ற கௌரவத்தின் அஸ்திவாரம் அந்த உத்தரவாதமே.

அதற்கு மேல் எழுந்தது கலவை என்னும் வித்தை. காலைச் சிற்றுண்டியோடு அருந்துவதற்கென்று விற்கப்படும் கலவையில் பெரும்பாலும் அஸ்ஸாம் இலை திடத்துக்காகவும், கென்யா இலை நிறத்துக்காகவும், இலங்கை இலை மணத்துக்காகவும் சேர்க்கப்படுகின்றன. மழை தவறினாலும், பருவம் மாறினாலும், ஒரு தோட்டத்தின் சரக்கு தாழ்ந்து மற்றொன்றின் சரக்கு உயர்ந்தாலும், ஜனவரியில் வாங்கிய பொட்டலமும் ஜூலையில் வாங்கிய பொட்டலமும் ஒரே ருசியாக இருக்கும்படி விகிதத்தை மாற்றி மாற்றி அமைப்பது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்களை உறிஞ்சி ருசி பார்த்து உமிழ்கின்ற நிபுணரின் நாவு செய்யும் காரியம். அந்தந்த ஊர்த் தண்ணீருக்குத் தக்கபடி வெவ்வேறு கலவை தயாரித்தவர்களும் அங்கே உண்டு. யார்க்‌ஷயர் டீ என்ற பிரசித்தமான தேயிலையில் கடின நீருக்கென்றே தனிக் கலவை இன்றும் விற்பனையாகிறது. இவ்வளவு சிரத்தைக்கு ஒரு விலை கேட்பது அநியாயம் ஆகாது.

ஆனால் இந்த வித்தைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பல தோட்டங்களின் இலை ஒன்றாகக் கலந்தவுடன் தோட்டத்தின் பெயர் மறைந்துபோகிறது. தோட்டத்தின் பெயர் மறைந்தால் அதன் ஜனங்களும் மறைந்துபோகிறார்கள். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து முன்னுக்கு வந்த தாமஸ் லிப்டன், 1890-இல் இலங்கை சென்று தோட்டங்களை வாங்கி, ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் ஆலை எழுப்பி, தம் பெயரை உலகமெங்கும் பரப்பினார். அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்வையிட்ட இடம் இன்று உல்லாசப் பிரயாணிகள் தேடிச் சென்று படம் எடுத்துக்கொள்ளும் ஸ்தலமாகிவிட்டது. அதே மலைகளில் விடியற்காலையில் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, முதுகில் கூடையோடு சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தவர்களின் பெயரோ எந்த டப்பாவிலும் இல்லை.

அவர்கள் நம்மவர்கள். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் இலங்கையின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், அடுத்த சில ஆண்டுகளில் இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்து அவ்விடங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டதும் வரலாற்றுப் புத்தகங்களில் விரிவாக உள்ளன. அந்த மலைகளைத் திருத்துவதற்காகத் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே புறப்பட்டுக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து, லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் சந்ததியாருக்கு, இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமை மறுக்கப்பட்டது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் கணக்கிட்டுப் பிரிக்கப்பட்டார்கள். அவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே நம் மாநில அரசாங்கம் 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தோட்டங்கள்தாம் இன்று டான்டீ என்று நாம் அறியும் ஸ்தாபனம். ஆகவே ஹீத்ரோவில் ஒரு தமிழர் இலங்கை இலை கலந்த டப்பா ஒன்றை வாங்கும்போது, தம் சொந்த ஜில்லாவிலிருந்து போனவர்களின் சந்ததியார் பறித்த கொழுந்துக்கே லண்டன் விலை கொடுக்கிறார் என்பது வெறும் கற்பனையன்று.

இதைக் கேட்டவுடன் பழியை ஆங்கிலேயர் தலையில் போட்டுவிட்டு எழுந்துவிடுவது சுலபம். ஆனால் காரியங்கள் அந்த நிலையைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டன. 1679-இல் தொடங்கி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நடந்த லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29-இல் முடிவுற்றது. ஏலங்கள் இன்று கொழும்பிலும், மொம்பாசாவிலும், கல்கத்தாவிலும், நம் குன்னூரிலும் நடக்கின்றன. டெட்லி என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்தாபனத்தை 2000-ஆம் ஆண்டில் டாட்டா டீ நிறுவனம் 27 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கிவிட்டது. ட்வைனிங்ஸ் தன் உற்பத்தியில் ஒரு பகுதியைப் போலந்து தேசத்துக்கே மாற்றிக்கொண்டது. இலை அந்நியம், ஏலம் அந்நியம், சில இடங்களில் முதலாளியும் அந்நியர், அடைக்கும் ஆலையும் அந்நியம். எஞ்சி நிற்பது பெயர் ஒன்றே, விலையில் மிகப்பெரிய பங்கு அந்தப் பெயருக்கே கிடைக்கிறது. இதற்கு நேர்மாறாக, நீலகிரியின் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் போராடுவது நம் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வரும் செய்தியாகவே இருக்கிறது.

பெயரை உண்டாக்குவது விளைவிக்கும் நாட்டாருக்கு அசாத்தியமும் அன்று. இலங்கையில் மெரில் பெர்னாண்டோ என்பவர் தம் மக்கள் இருவரின் பெயரை இணைத்து தில்மா என்று ஒரு பெயரிட்டு, இலங்கையிலேயே அடைத்த இலங்கைத் தேயிலையை உலகக் கடைகளில் வைத்துக் காட்டினார். முழுவதும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதியப்பட்ட தேயிலைக்கு மட்டுமே அந்நாட்டுத் தேயிலைச் சபை சிங்க முத்திரை அளிக்கிறது. நம் நாட்டில் 2004-இல் டார்ஜிலிங் தேயிலையும், 2008-இல் நீலகிரி ஆர்தோடாக்ஸ் தேயிலையும் புவிசார் குறியீடு பெற்றன. குறியீட்டைப் பெற்றதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோமோ என்பதே என் சந்தேகம். மார்கழி, தை மாதங்களின் உறைபனிக் காலத்தில் பறித்த நீலகிரி இலையின் மணத்தைச் சிலாகிக்கும் ரசிகர்கள் அயல்நாடுகளில் உண்டு. அதே நீலகிரிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் நமக்கோ, தேயிலை என்றால் கண்ணாடித் தம்ளரில் ஏலக்காயோடும் இஞ்சியோடும் கொதிக்கும் தூள் ஒன்றே. அந்தத் தூளை நான் இகழவில்லை, அது இல்லாமல் என் காலைப்பொழுதும் விடியாது. ஆனால் அந்தத் தூளுக்கு அப்பாலும் நம் மலையில் சரக்கு இருக்கிறது என்பதை நாமே அறியாவிட்டால் பிறர் அறிவது எங்ஙனம்?

இனி, வாங்கியே தீருவேன் என்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விமான நிலையத்தில் வரியில்லாமல் கிடைக்கிறதே என்று எண்ணி வாங்க வேண்டாம். பிரிட்டனில் ஊருக்குள் விற்கும் தேயிலைக்கும் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யமாகையால், அந்த வகையில் பிரயாணிக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. சித்திர டப்பாவே வேண்டுமென்றால் வாங்குங்கள். தேயிலைதான் முக்கியமென்றால் இரண்டு நாள் முன்னதாக ஊருக்குள் ஒரு மளிகைக் கடையில் தேடுங்கள். உள்ளே இருப்பது பையா, உதிரி இலையா என்றும் பாருங்கள், ஏனெனில் பைகளில் பெரும்பாலும் பொடிந்த துகளே அடைக்கப்படுகிறது. ஏர்ல் கிரே என்ற வகையில் இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியில் மிகுதியாக விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அதை நம் வழக்கப்படி பாலும் சர்க்கரையும் விட்டுக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகிப் போய், சீமைத் தேயிலையும் இவ்வளவுதானா என்ற அபவாதம் மட்டுமே மிஞ்சும். கொதித்த நீரை இலையின் மேல் ஊற்றி, மூடி வைத்து, வடித்து, பாலின்றி அருந்த வேண்டும் என்று டப்பாவைக் கொடுக்கும்போதே பெரியம்மாவிடம் சொல்லிவிடுவது உத்தமம்.

டப்பாவின் முன்புறத்தில் அரண்மனை இருக்கட்டும். பின்புறத்தில் இலை எந்த நாட்டினது, எந்த மலையினது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அதனினும் முக்கியம். நம் சென்னை, கோவை விமான நிலையங்களிலும் நீலகிரி, ஆனைமலை இலைகள் தோட்டத்தின் பெயரோடும், பறித்த பருவத்தின் விவரத்தோடும், கையில் எடுத்துக் கொடுக்கக் கூசாத அழகிய டப்பாக்களில் முன்வரிசையில் இருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் டான்டீயும், கூட்டுறவு ஆலைகளும், தனியார் தோட்ட முதலாளிகளுமே. வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டே: லண்டனுக்குப் புறப்படும்போது அங்குள்ள நண்பருக்கு நீலகிரித் தேயிலை ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுங்கள், திரும்பும்போது, இலையின் ஊர் எழுதப்படாத டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.